லெஃபெவ்ர்: பெயர் வந்த வழியும் கேடயச் சின்னமும் தேடும் முறை

லெஃபெவ்ர் ஒரு பிரெஞ்சுக் குடும்பப்பெயர். 'லெஃபெவ்ர் குடும்பச் சின்னம்' என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்பதை வாங்கிவிடாதீர்கள். பிரான்சில் கேடயச் சின்னம் பெயருக்கு உரியதல்ல. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வழிவந்தோருக்கும் உரியது. அதனால் முதலில் வம்சவழி, பிறகுதான் சின்னம்.

பெயரின் பொருளில் சிக்கல் இல்லை. லத்தீனில் 'ஃபாபெர்' என்றால் கைவினைஞர். அதிலிருந்து வந்த பழைய பிரெஞ்சுச் சொல் கொல்லரைக் குறித்தது. வடக்கே லெஃபெவ்ர், தெற்கே ஃபாப்ர், ஃபோர், சவாய் பக்கம் ஃபாவ்ர். வடமேற்கே பிரெத்தாஞ் பகுதியின் மொழியில் அதே கொல்லர் லெ கோஃப். ஊருக்கு ஊர் ஒரு கொல்லர் இருந்ததால், இந்தப் பெயர் கொண்டவர்கள் எல்லாரும் உறவினர் அல்லர். லத்தீன் வேரைக் காட்டவென்று எழுத்தர்கள் நடுவே ஒலிக்காத 'பே' (b) எழுத்தைச் செருகினார்கள். அக்காலத்தில் 'யு'வும் (u) 'வே'யும் (v) எழுத்தில் ஒன்றுபோலவே இருந்ததால், அதையே சிலர் 'லெஃபெபூர்' என்று படித்தார்கள். அது தனிப் பெயராகவே நிலைத்துவிட்டது. தேடும்போது எல்லா வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். மணமக்களின் பெற்றோர் பெயர், தொழில், ஊர் மூன்றும் அதில் கிடைக்கும். அங்கிருந்து ஒரு தலைமுறை மேலே ஏறலாம். மாவட்ட ஆவணக்காப்பகங்களின் தளங்களில் பத்தாண்டு அட்டவணையைப் பார்த்து, பிறகு பதிவேட்டைத் திறங்கள். பிறப்பு, திருமணப் பதிவுகள் 75 ஆண்டு கடந்தால்தான் எல்லாருக்கும் திறக்கும். 1792க்கு முன்னே போனால் கிறிஸ்தவக் கோவில்களின் பங்குப் பதிவேடுகள்தான். பிரெஞ்சுப் புரட்சிக்கால நாட்காட்டித் தேதியை இன்றைய தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள்: 8ஆம் ஆண்டு ப்ருமேர் 18 என்றால் 9 நவம்பர் 1799. பாரிஸில் 1860க்கு முந்தைய பதிவேடுகள் 1871 தீயில் எரிந்தன. மீட்டு எழுதியது ஒரு பகுதிதான். புதுச்சேரிப் பதிவேடுகள் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. 1881 ஆணைப்படி தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற தமிழர்களும் குடும்பப்பெயர் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பெயர் இருந்தாலே பிரெஞ்சு வம்சம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

வம்சவழி 1700 வரை எட்டியதும் பதினான்காம் லூயி 1696இல் கட்டளையிட்ட கேடயச் சின்னப் பதிவேட்டுக்கு வாருங்கள். ஷார்ல் தொசியே தொகுத்த அது தேசிய நூலகத்தின் கலிக்கா தளத்தில் மாகாண வாரியாக இருக்கிறது. தனியாளுக்கு 20 லீவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) கட்டணம். அரசுக்குப் பணம் சேர்ப்பதே நோக்கம். சின்னம் இல்லாத கடைக்காரருக்கும் எழுத்தர்கள் ஒன்றைச் சுமத்தினார்கள். ஆகவே சின்னம் இருந்ததால் பிரபு வம்சம் என்று ஆகாது. பெயருக்கு முன் 'தெ' இருந்தாலும் ஆகாது. சிலவற்றில் பெயரே படமாகியிருக்கும். நாடக ஆசிரியர் ரசீன் வீட்டுச் சின்னத்தில் எலியும் அன்னமும் இருந்தன. பிரெஞ்சில் எலி 'ரா', அன்னம் 'சீன்'. அவர் எலியை நீக்கி அன்னத்தை மட்டும் வைத்துக்கொண்டார்.

சின்னத்தைச் சொற்களால் விவரிக்கும்போது பின்புல நிறம் முதலில் வரும்: அசூர் நீலம், குல் சிவப்பு, சாப்ல் கறுப்பு, சினோப்ல் பச்சை. பொன்னும் வெள்ளியும் உலோகம். உலோகத்தின்மேல் உலோகம் வைப்பதில்லை. கறுப்புவெள்ளைப் படத்தில் கிடைக்கோடு நீலம், செங்குத்துக்கோடு சிவப்பு, புள்ளி பொன், வெறுமை வெள்ளி. 'வலம்' என்பது கேடயம் பிடித்தவரின் வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம். இதைக் கவனிக்காமல் வரைந்தால் சிங்கம் எதிர்த்திசை பார்க்கும்.