அம்மாவுக்குச் செய்யும் கேக் உதிராமல் வர என்ன செய்தேன்

சர்க்கரையை எடுத்துவிட்டு, ஸ்டீவியா என்ற செடியிலிருந்து எடுக்கும் இனிப்பை மட்டும் போட்டுச் செய்யும் கேக் ஏன் வறண்டுபோய், கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்கிறது? சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்காகச் செய்தபோது எனக்கும் இதே தொல்லைதான். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பது, வெண்ணெயோடு அடிக்கும்போது காற்றைச் சேர்ப்பது, மேல்பக்கம் சிவக்க வைப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. ஸ்டீவியா ஒரு சிட்டிகையிலேயே தித்தித்துவிடும், ஆனால் அந்த இடத்தை நிரப்ப அதில் ஒன்றுமில்லை.

அதனால் மாவையே மாற்றினேன். மைதாவுக்குப் பதில் 150 கிராம் பாதாம் பொடி, 50 கிராம் கேழ்வரகு மாவு, அப்புறம் 3 முட்டை, 60 கிராம் வெண்ணெய், தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 100 கிராம், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏலக்காய். இனிப்புக்கு எரித்ரிட்டால் என்ற சர்க்கரை மாற்று 80 கிராம், அதை மிக்சியில் நைசாகப் பொடித்தே போடுங்கள், இல்லையென்றால் ஆறினதும் மணல் மாதிரி பல்லில் நறநறக்கும். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு வேண்டாம், சூட்டில் இனிப்பு குறைந்துவிடும். 160 டிகிரியில் 35 நிமிடம் போல ஆகும். நிறத்தை நம்பாமல் குச்சி குத்திப் பாருங்கள். முழுக்க ஆறும்வரை வெட்டவே கூடாது.

நாட்டுச்சர்க்கரையோ பேரீச்சையோ போட்டால் பரவாயில்லை என்று பலர் சொல்கிறார்கள், அது ரொம்பத் தப்பு, அவையும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். இதிலும் கேழ்வரகு இருப்பதால் அம்மாவுக்கு ஒரு சின்னத் துண்டுதான், இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுவோம்.