ஈரல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு ரத்த ரிப்போர்ட்டைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கொழிஞ்சாம்பாறையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன மாதம் ஓர் அக்கா கணவரின் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கவுண்டரிலேயே நின்றார். “தம்பி, இதுல இன்னும் எத்தன வருசம்னு போட்டிருக்குதுங்களா?” என்று கேட்டார். கணவர் சித்தூர் பக்கம் தென்னந்தோப்பில் கள் இறக்குபவர். ஈரலில் கட்டி வந்து, கோவையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். தென்னை ஏறுகிறவர் என்றால் குடிதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது. இவருக்குக் கட்டி வந்தது ஹெபடைடிஸ் பி கிருமியால்.

அந்தக் கேள்வியை வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். திருச்சூரில் பார்த்தவர்கள் ‘கரள்’ என்பார்கள், கோவைக்குப் போனவர்கள் ‘லிவர்’ என்பார்கள், வீட்டில் ஈரல். பயம் எல்லாருக்கும் ஒன்றுதான், ரிப்போர்ட்டைப் படிப்பதில் செய்யும் தவறுகளும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் ஏ.எஃப்.பி., அதாவது ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். ஈரல் கட்டி பலருக்கு ரத்தத்தில் விடும் ஒரு புரதம் அது. கட்டியை எடுத்தாலும் ரத்தத்தில் ஏற்கெனவே கலந்திருக்கும் ஏ.எஃப்.பி. உடனே காணாமல் போகாது. பாதியாகக் குறையவே 5 முதல் 7 நாள் ஆகும். ஆபரேஷனுக்கு முன் 800 இருந்தவருக்குப் பத்தாம் நாள் 300 வந்தால் ‘கட்டி மிச்சம் இருக்கிறது’ என்று அழுகிறார்கள். அது சரியான கணக்கில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. 10-க்குக் கீழே வர ஆறேழு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகும் இறங்காமல் நின்றாலோ, இறங்கியது திரும்ப ஏறினாலோதான் டாக்டரிடம் ஓட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏ.எஃப்.பி. ஏறுவதே இல்லை. கட்டி இருந்தபோதே நார்மலாக இருந்த ஒருவருக்கு இப்போதும் நார்மல் என்று வருவதால் நிம்மதி கொள்ள வழியில்லை. அவருக்குக் காவல் ஸ்கேன்தான். ரத்தம் நன்றாக இருக்கிறது என்று சி.டி.யைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. வெட்டி எடுத்த பிறகும் 5 ஆண்டுக்குள் பெரும்பாலானோருக்கு நோய் திரும்புகிறது. அதில் பெரும் பங்கு முதல் 2 ஆண்டுகளில்.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு லேப், இந்தப்பக்கம் ஒரு லேப் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதையும் விடுங்கள். கிட் மாறினால் ஏ.எஃப்.பி. அளவும் மாறும். அதை நோய் ஏறியதாக எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது எனக்கு அதிகம் கவலை தருவது. ஆல்புமின் (ஈரல் செய்யும் ஒரு புரதம்), பிலிருபின் (ஈரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப்பொருள்) இரண்டை மட்டும் வைத்து ஈரலின் வலுவைத் தரம் பிரிக்கும் ‘ஆல்பி’ கணக்கு 2015-ல் வந்தது. நல்ல கருவி, டாக்டர்களும் பயன்படுத்துகிறார்கள். பிலிருபினின் லாகரிதத்தை 0.66 ஆல் பெருக்கி, அதிலிருந்து ஆல்புமினின் 0.085 மடங்கைக் கழிக்க வேண்டும். விடை −2.60 அல்லது அதற்குக் கீழே என்றால் முதல் தரம், −1.39-ஐத் தாண்டினால் மூன்றாம் தரம், மோசம். ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு பிலிருபின் மைக்ரோமோலிலும் ஆல்புமின் லிட்டருக்கு இத்தனை கிராம் என்றும் வேண்டும். நம் ரிப்போர்ட்டில் இரண்டும் டெசிலிட்டர் கணக்கு. காலேஜில் படிக்கும் ஒரு பையன் அப்பாவின் பிலிருபின் 1, ஆல்புமின் 4 என்று அப்படியே போட்டு −0.34 எடுத்தான். மூன்றாம் தரம் என்று இரண்டு நாள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. பிலிருபினை 17.1 ஆலும் ஆல்புமினை 10 ஆலும் பெருக்கிப் போட்டால் விடை −2.59. முதல் தரத்தின் வாசலில் நிற்கிறார் மனுஷன். ஆல்புமின் 4.1 ஆகியிருந்தால் முதல் தரமே. 0.1 வித்தியாசம் ஒரே ரத்தத்தை இருமுறை ஓட்டினாலே வரக்கூடியது.

ஆல்புமின் பாட்டில் ஏற்றிய பிறகு எடுத்த ஆல்புமினையும், பிளாஸ்மா ஏற்றிய பிறகு எடுத்த ஐ.என்.ஆரையும் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் அளவு) வைத்து ஈரல் தேறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் முடிந்த முதல் சில நாளில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதிகள் நூற்றுக்கணக்கில் ஏறுவது ஈரலை வெட்டியதால். பெரும்பாலும் தானே இறங்கும். நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் என்ற இரு வகை வெள்ளை அணுக்களின் விகிதமும் அப்படித்தான், ஒரு காய்ச்சலோ ஸ்டீராய்டு ஊசியோ போதும் அதை ஏற்றிவிட.

ஆபரேஷனைத் தாண்டுவதும் ஆண்டுக்கணக்கில் வாழ்வதும் வேறு வேறு கேள்விகள். 2005-ல் பிரான்ஸிலிருந்து வந்த ‘50-50’ விதி முதல் கேள்விக்கானது. ஐந்தாம் நாளில் பிலிருபின் சுமார் 3-ஐத் தாண்டி, ஐ.என்.ஆரும் 1.7-ஐத் தாண்டினால் ஈரல் செயலிழக்கும் ஆபத்து அதிகம் என்று அது எச்சரிக்கிறது. அதில் தப்பியதால் 5 ஆண்டு உறுதி என்று பொருளில்லை.

அந்த இரண்டாவது கேள்விக்கு ரத்தம் பாதி பதில்தான் சொல்லும். கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, நுண்ணிய ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருந்ததா என்பதெல்லாம் வெட்டி எடுத்த சதையின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கும். டாக்டர் சொல்லும் ஆண்டுக்கணக்குகூட இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தது. பாதிப்பேர் அதைத் தாண்டியும் இருப்பார்கள், உங்கள் வீட்டுக்காரர் எந்தப் பாதி என்று அதில் எழுதியிருக்காது.

அந்த அக்காவிடம் மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்டேன். “ரிப்போர்ட் நல்லா வந்துச்சுன்னு போன மாசமே நிறுத்திட்டாருங்க தம்பி” என்றார். ஹெபடைடிஸ் பி மாத்திரை அது. ரிப்போர்ட் நன்றாக வந்ததே அதனால்தான்; திடீரென்று நிறுத்தினால் கிருமி பெருகி, மிச்சமிருக்கும் ஈரலையும் அடிக்கும். அங்கேயே நின்று டாக்டருக்கு போன் போடச் சொன்னேன். பிறகு அவருடைய பிளாஸ்டிக் கவரைக் கொட்டி, ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினோம். பயாப்ஸி தாள் மடிப்புக்கூடப் பிரிக்காமல் அடியில் கிடந்தது. வியாழக்கிழமை கோவைக்குப் போகும்போது அதை மேலே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.