விற்க வைத்திருந்த பேஸ் கிட்டார்

ஐப்பசி மழை ஓய்ந்த வாரம். பெரம்பூர் வீட்டுக்கு என் நாலு கம்பி பேஸை வாங்க வந்த தம்பி, "அண்ணே, கம்பி இவ்ளோ உயரமா இருக்கே" என்று தயங்கினார். எனக்கும் விரல் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

ஈரக்காற்றில் நெக் (கிட்டாரின் கழுத்து) முன்பக்கம் வளைந்திருந்தது; கம்பி உயர்ந்ததும் அதனால்தான். முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப், மாட்டி, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பார்த்தேன். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி, 0.3 போதும். கம்பிகளைத் தளர்த்தி, டிரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) வலப்பக்கம் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் விட்டேன். மறுநாள் இன்னொரு கால் சுற்று. ஒரேயடியாக முறுக்கினால் ராடே உடையும், தயவுசெய்து வேண்டாம்.

பிறகு சேடிலை (கம்பியின் அடிமுனையைத் தாங்கும் சிறு துண்டு) இறக்கி, 12ஆவது ஃப்ரெட்டில் சுருதி பார்த்தேன். அழுத்திய ஸ்வரம், அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கைவிட ஏறியிருந்ததால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளினேன். தடித்த ஈ (E) கம்பி கரகரக்காமல் முழங்கியது.

தம்பியைத் திரும்ப அழைத்து, செய்ததைச் சொல்லி, வாசிக்கவிட்டு, பேசிய விலைக்கே கொடுத்தேன்.