எக்ஸ்ரேயில் தெரியும் கோடெல்லாம் முறிவல்ல

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைகள் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுவதும், செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்குக் கால் பிசகுவதும் புதிதல்ல. படம் வந்ததும் புதிதாகச் சேர்ந்த மருத்துவ உதவியாளரின் கண் நேராகக் கறுப்புக் கோட்டைத் தேடிப் போகிறது. இயல்பான எலும்பிலேயே அப்படிக் கோடுகள் நிறைய உண்டு. அது தெரியாமல் தேடினால், நல்ல காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்போம்.

வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிக்கருகே வளர்ச்சித் தட்டு இருக்கும். அது குருத்தெலும்பு என்பதால் படத்தில் பதியாது. அங்கே எலும்பு அறுந்ததுபோல் தோன்றும். பாதத்தில் சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பு இதில் பெரிய ஏமாற்றுக்காரன். 10, 12 வயதில் அதன் அடியில் ஒரு சிறு துண்டு தனியாகத் தெரியும். அந்த இடைவெளி எலும்பின் நீளவாக்கில் ஓடினால் பெரும்பாலும் இயல்பு. குறுக்கே வெட்டினால் முறிவு.

முழங்கை இன்னும் சிக்கல். அங்கே ஆறு எலும்பு மையங்கள், அதாவது குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் புள்ளிகள், தோராயமாக 1, 3, 5, 7, 9, 11 வயதில் ஒவ்வொன்றாகத் தெரிய வரும். வயதை மனப்பாடம் செய்வதைவிட வரிசைதான் முக்கியம். முழங்கையின் உட்பக்கம் புடைத்திருக்கும் உட்பக்கக் குமிழ் மூன்றாவது, மேல்கை எலும்பின் அடிநுனியில் மூட்டுக்குள் இருக்கும் ட்ரோக்ளியா நான்காவது. ட்ரோக்ளியா மாதிரி ஒன்று தெரிந்து, உட்பக்கக் குமிழ் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் உஷாராகுங்கள். பிய்ந்து மூட்டுக்குள் போய்ச் சிக்கிய குமிழாக அது இருக்கலாம். இதை இயல்பென்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு. ஐயம் இருந்தால் மறு முழங்கையையும் எடுக்கலாம், ஆனால் அதையே வழக்கமாக்கிப் பிள்ளைக்குக் கதிர்வீச்சை இரட்டிப்பாக்க வேண்டாம்.

பெரியவர்கள் சிலரிடம் முழங்கால் சில்லின் மேல் வெளிமூலையில் ஒரு துண்டு பிரிந்திருக்கும். முழங்காலுக்குப் பின்னால் ஃபெபெல்லா என்ற உருண்டை எலும்பு சிலருக்கு உண்டு. ஓரத்தைப் பாருங்கள்: வழுவழுப்பாக, மெல்லிய வெள்ளை விளிம்போடு இருந்தால் அது புதிய முறிவல்ல. கூடாமல் போன பழைய முறிவுக்கும் அப்படி விளிம்பு வரும். ஆகவே வலிக்கும் இடத்தை விரலால் அழுத்திப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

ஒரே கோணத்தில் எடுத்த படத்தை நம்புவது சரியான சோம்பேறித்தனம். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டும் வேண்டும். இரண்டு எலும்புகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலே பொய்யாக ஒரு கறுப்புக் கோடு தோன்றும். மற்ற கோணத்தில் அது காணாமல் போய்விடும்.

அப்புறம், படம் சுத்தமாக இருப்பதாலேயே முறிவில்லை என்றும் ஆகாது. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அங்கே உள்ள ஸ்கேஃபாய்டு என்ற சிறு எலும்பின் முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். அசையாமல் கட்டி அனுப்பி, 10 முதல் 14 நாளில் மறுபடி எடுங்கள்.