காலேஜ் பிரசிடென்டுக்குப் பிரிவுபசாரம்: கலிபோர்னியாவில் போர்டு மீட்டிங்குக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் இருக்கும் நம் குடும்பங்களில் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடப் பொதுக் கல்லூரியின் வாசலை மிதிக்காத வீடு குறைவு. கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கும் எச்-4 விசாவில் வந்து வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த பெண்கள் மறுபடி படிக்கப் போன இடம் அது. மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட் (பாடத்தை அளக்கும் அலகு) 46 டாலர்தான். பிள்ளைகள் அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு யூசிக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) மாறிக்கொள்வார்கள். ஊரிலிருந்து வந்து தங்கிவிட்ட பெரியவர்கள் கட்டணமே இல்லாத ஆங்கில வகுப்புக்குப் போவார்கள். அப்படி ஒரு கல்லூரியின் பிரசிடென்ட் ஓய்வு பெறுகிறார் என்று கேள்விப்பட்டால், நேரில் போய் நாலு வார்த்தை நன்றி சொல்ல மனசு வரும். ஆனால் எங்கே போவது, நம்மைப் பேச விடுவார்களா என்ற தயக்கத்திலேயே நாள் கடந்துவிடும்.

போன வருடம் எங்கள் கல்லூரி பிரசிடென்டின் பிரிவுபசாரம் நடந்த போர்டு மீட்டிங்குக்கு நானும் என் மாமியாரும் போனோம். எங்களுக்கு யாரும் சொல்லித் தராததை எல்லாம் வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்த பிரசிடென்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். காலேஜ் பிரசிடென்ட் என்பவர் சம்பளத்துக்கு வேலை செய்து கல்லூரியை நடத்துபவர். போர்டு பிரசிடென்ட் என்பவர் கல்லூரியை மேற்பார்க்கும் போர்டுக்குத் தேர்தலில் ஜெயித்து வந்த உறுப்பினர்களில், அதாவது டிரஸ்டிகளில், ஒருவர். கூட்டத்தை நடத்துவது அவர் பொறுப்பு. போர்டில் பெரும்பாலும் 5 அல்லது 7 டிரஸ்டிகள், பதவிக்காலம் 4 வருடம். ஒரு போர்டின் கீழ் வரும் பகுதியை டிஸ்ட்ரிக்ட் என்பார்கள். ஒரே கல்லூரி உள்ள டிஸ்ட்ரிக்டில் நிர்வாகத்தில் காலேஜ் பிரசிடென்ட்தான் எல்லாருக்கும் மேலே. ஃபுட்ஹில், டி ஆன்சா இரண்டும் சேர்ந்த டிஸ்ட்ரிக்ட் போன்ற இடத்தில் இரண்டு கல்லூரிகளின் பிரசிடென்டுகளுக்கும் மேலே, மொத்த டிஸ்ட்ரிக்டையும் நடத்தும் ஒரு சான்சலர் இருப்பார்.

ஓய்வு பெறுபவர் டிரஸ்டி என்றால் பிரிவுபசாரம் பெரும்பாலும் டிசம்பரில், புது டிரஸ்டிகள் பதவி ஏற்கும் கூட்டத்தை ஒட்டி வரும். காலேஜ் பிரசிடென்ட் என்றால் நிதியாண்டு முடியும் ஜூன் 30ஐ ஒட்டி வருவது வழக்கம். எங்களுக்கு ஜூனில் வந்தது.

படி 2: அஜெண்டாவை எடுத்துப் படியுங்கள்

1953இல் மொடெஸ்டோவைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் கொண்டுவந்த சட்டம் ஒன்று இருக்கிறது. பிரவுன் ஆக்ட் என்பார்கள். நகராட்சியோ பள்ளி போர்டோ கல்லூரி போர்டோ, மக்கள் பார்க்கத்தான் கூட வேண்டும் என்பது அதன் சாரம். வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே அஜெண்டாவை, அதாவது நிகழ்ச்சி நிரலை, வெளியிட்டாக வேண்டும். திங்கள் மாலை 6 மணிக்குக் கூட்டம் என்றால் வெள்ளி மாலை 6 மணிக்குள் வந்துவிடும். அவசரமாகக் கூட்டும் சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் போதும். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தில் போர்டு முடிவு எடுக்கக் கூடாது. சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

அஜெண்டா நாலு பக்கம் இருந்தாலும், கூடவே வரும் இணைப்புகள் நூறு பக்கத்தைத் தாண்டும். பயப்பட வேண்டாம். ஓய்வு பெறுபவரின் பெயரை அதில் தேடுங்கள். பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். முன்பக்கமாக, பாராட்டுத் தீர்மானம் என்று ஒன்று இருக்கும். இன்னொன்று உள்ளே, ஊழியர் விவகாரப் பட்டியலில், ஒரே வரியாக இருக்கும்: பெயர், பதவி, ஓய்வு, கடைசி வேலை நாள். மேல்வரியில் ஒரு தோட்டக்காரரின் ராஜினாமா, கீழ்வரியில் பகுதிநேரக் கணக்கு ஆசிரியர் ஒருவரின் நியமனம், நடுவில் இவர். எத்தனையோ வருட உழைப்பு இவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறதே என்று எனக்கு மனசு கனத்தது. பிறகு யோசித்தபோது அது சரியான இடம் என்றே பட்டது. அந்தப் பட்டியலில் எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்து.

படி 3: கன்சென்ட் கேலண்டரை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தவறவிடுவது இதைத்தான்.

தகராறு இல்லாத அன்றாட விஷயங்களை ஒன்றாகக் கட்டி, ஒரே வாக்கில் நிறைவேற்றுவார்கள். அதற்குத்தான் கன்சென்ட் கேலண்டர் என்று பெயர். போன கூட்டத்தின் மினிட்ஸ் (நடந்ததன் குறிப்பு), ஊழியர் பட்டியல், வாங்கிய பொருட்கள், சின்ன கான்ட்ராக்டுகள் எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஏதாவது ஒன்றைத் தனியாகப் பேச வேண்டும் என்று ஒரு டிரஸ்டி நினைத்தால், அதை வெளியே எடுக்கச் சொல்லலாம்.

நான்கு வருடத்துக்கு முன்பு என் மாமியார் மாலை நேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு முடிய இரவு ஒன்பதாகும். கட்டடத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை உள்ள நடைபாதையில் ஒரு பகுதி கும்மிருட்டு. அந்த வகுப்பிலிருந்த பெண்கள் நாலைந்து பேர் கைகோத்துக்கொண்டு நடப்பார்களாம். ஒருநாள் காலேஜ் பிரசிடென்ட் வகுப்புக்கு வந்து, ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இவர்கள் தெரிந்த ஆங்கிலத்தில், "நைட் வாக் டார்க்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் எதுவும் பதில் சொல்லாமல், வகுப்பு முடியும்வரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்து, அவர்களோடு பஸ் நிறுத்தம் வரை நடந்திருக்கிறார். அடுத்த செமஸ்டரில் விளக்கு வந்தது.

பிரிவுபசாரத்துக்குத் தயாராகும்போது நான் பழைய அஜெண்டாக்களைத் தேடிப் பார்த்தேன். பல டிஸ்ட்ரிக்டுகள் போர்டு டாக்ஸ் என்ற தளத்தில் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும். சொல்லைப் போட்டுத் தேடலாம். கிடைத்துவிட்டது. நடைபாதை விளக்கு, மின்வேலைக் கான்ட்ராக்ட், கன்சென்ட் கேலண்டரில் ஒரு வரி. யாரும் அதைப் பற்றி அன்று பேசவில்லை. ஒரு பிரசிடென்ட் என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால் இந்த மாதிரி வரிகளில்தான் பார்க்க வேண்டும். நீங்களும் போகும் முன் உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை இப்படித் தேடிப் பாருங்கள். தேதியோடு பேசினால் அந்தப் பேச்சுக்கு எடை கூடும்.

படி 4: பேசுவதை எழுதிக்கொள்ளுங்கள்

பொதுமக்கள் பேசும் நேரத்தைப் பப்ளிக் கமென்ட் என்பார்கள். எங்கள் போர்டில் ஆளுக்கு 3 நிமிடம். பேசுகிறவர்கள் அதிகமானால் குறைப்பதும் உண்டு. வாசலில் ஒரு அட்டை இருக்கும், அதில் அஜெண்டா எண்ணை எழுதிக் கொடுத்தால் அழைப்பார்கள். வெறுமனே உட்கார்ந்து கேட்பதற்குப் பெயர் எழுதித்தான் ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைப் பற்றியும் பேசலாம், கல்லூரி சம்பந்தப்பட்டதாக இருந்தால் போதும். ஆனால் அதற்கு டிரஸ்டிகள் உட்கார்ந்து பதில் விவாதம் செய்ய மாட்டார்கள். அது அலட்சியம் இல்லை, சட்டம் அப்படி. பாராட்டுத் தீர்மானம் அஜெண்டாவில் இருப்பதால், அந்த எண்ணுக்கே அட்டை கொடுத்துவிடுங்கள்.

எழுதும்போது "உங்கள் சேவை மகத்தானது, நீங்கள் பல்லாண்டு வாழ்க" என்று ஆரம்பித்தால் மூன்று நிமிடமும் அதிலேயே போய்விடும். என் முதல் வரைவு அப்படித்தான் இருந்தது. அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "என் மாமியாருக்கு வயது 67. உங்கள் கல்லூரியில் மாலை வகுப்பில் படித்தார். அந்த வகுப்புக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே இருட்டாக இருந்தது." மூன்று வாக்கியத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

அப்புறம், இது முக்கியம். நீங்கள் தமிழிலேயே பேசலாம். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசுகிறவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத பட்சத்தில், மற்றவர்களைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று பிரவுன் சட்டத்திலேயே இருக்கிறது. இது தெரிந்ததும் நான் எழுதியதை மடித்து வைத்துவிட்டேன்.

"அத்தை, நீங்களே பேசுங்க. நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

"எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா இன்னும் வரலையேம்மா."

"தமிழ்லதான் பேசப் போறீங்க."

முன்கூட்டியே போர்டு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, மொழிபெயர்ப்போடு பேசப்போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

படி 5: வரவேற்பில் கவனிக்க வேண்டியது

கூட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் காபி, கேக்கோடு சின்ன வரவேற்பு இருக்கலாம். சால்வை போர்த்த ஆசைப்பட்டால் இங்கேயே போர்த்திவிடுங்கள். கூட்டத்துக்குள் நேரம் இருக்காது. விலை உயர்ந்த பரிசு வேண்டாம், அரசுப் பதவியில் இருப்பவர்கள் வாங்கும் பரிசுக்கு வரம்பும் கணக்கும் உண்டு.

இன்னொன்று. டிரஸ்டிகள் இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குச் சேர்ந்து வரலாம், ஆனால் பெரும்பான்மையினர் தங்களுக்குள் போர்டு விஷயத்தைப் பேசக் கூடாது. அதனால் நாலு டிரஸ்டிகளை ஒன்றாக நிறுத்தி வைத்து "அடுத்த பிரசிடென்ட் யார்?" என்று கேட்காதீர்கள். அவர்களைச் சங்கடத்தில் விடுவதாகும்.

படி 6: கூட்டம் நடக்கும் விதம்

மூடிய அமர்வு முதலில் நடக்கும். வழக்குகள், சம்பளப் பேச்சுவார்த்தை, குறிப்பிட்ட ஊழியர் விவகாரம் ஆகியவற்றை உள்ளே பேசுவார்கள். வெளியே வந்ததும், சட்டப்படி சொல்ல வேண்டிய முடிவு ஏதாவது எடுத்திருந்தால் அறிவிப்பார்கள். அடுத்த பிரசிடென்ட் யார் என்று உள்ளே ஆலோசிக்கலாம். ஆனால் அவருடைய சம்பள ஒப்பந்தத்தை வழக்கமான திறந்த கூட்டத்தில், சம்பளச் சலுகைகளை வாய்விட்டுச் சொல்லிய பிறகுதான் வாக்குக்கு விட முடியும்.

பிறகு வருகைப்பதிவு, கொடி வணக்கம். தீர்மானத்தை டிரஸ்டிகள் ஆளுக்கு ஒரு பத்தியாகப் படித்தார்கள். ஊரில் தலைமையாசிரியர் ஓய்வு பெறும்போது கண்ணாடி போட்ட வாழ்த்து மடலைப் படிப்பார்களே, அதே நடைதான். ஒவ்வொரு பத்தியும் இன்னது செய்ததனால், இன்னது செய்ததனால் என்று அடுக்கிப் போய், கடைசியில் "ஆகவே தீர்மானிக்கப்படுகிறது" என்று முடியும். புதுக் கட்டடம், கடன்பத்திர (பாண்டு) நிதி, அங்கீகாரக் குழுவின் ஆய்வு எல்லாம் வந்தது. விளக்கு வரவில்லை.

வாக்கெடுப்புக்கு முன் எங்களை அழைத்தார்கள். அத்தை மைக்கைப் பிடித்துக்கொண்டு நேராகக் காலேஜ் பிரசிடென்டைப் பார்த்து, "அம்மா, நீங்க அன்னிக்கு எங்ககூட நடந்து வந்தீங்க" என்று ஆரம்பித்தார். நான் ஆங்கிலத்தில் சொல்வதற்குள் அந்த அம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஆறு நிமிடம் கொடுத்தார்கள், எங்களுக்கு நாலு நிமிடம்தான் தேவைப்பட்டது.

வாக்கெடுப்பில் ஒவ்வொரு பெயராக அழைத்துக் கேட்டார்கள். 7 பேர் போர்டு என்றால், எத்தனை பேர் வந்திருந்தாலும் 4 வாக்கு வேண்டும். மாணவர்கள் சார்பில் போர்டில் இருக்கும் மாணவர் டிரஸ்டியின் வாக்கு ஆலோசனை வாக்கு. எண்ணிக்கையில் சேராது, குறிப்பில் பதிவாகும்.

படி 7: போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள்

படம் எடுத்து முடிந்ததும் அரங்கம் காலியானது. நாங்கள் இருந்தோம். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த உருப்படிக்குப் பக்கத்தைத் திருப்பினார். தற்காலிக பட்ஜெட். ஜூலை 1க்குள் அதை ஏற்க வேண்டும், இறுதி பட்ஜெட்டை செப்டம்பர் 15க்குள் நிறைவேற்ற வேண்டும். கல்விச் செலவில் குறைந்தது பாதி வகுப்பறை ஆசிரியர் சம்பளத்துக்குப் போக வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. அந்தக் கணக்கை ஒரு டிரஸ்டி விடாமல் கேட்டார், அவரும் விடாமல் பதில் சொன்னார். தான் இருக்கப்போகாத வருடத்துக்கான பட்ஜெட் அது. பிரிவுபசாரத்தில் எனக்கு மறக்காமல் நிற்பது அந்த முக்கால் மணி நேரம்தான்.

படி 8: மினிட்ஸைச் சரிபாருங்கள்

அடுத்த கூட்டத்தின் கன்சென்ட் கேலண்டரில் இந்தக் கூட்டத்தின் மினிட்ஸ் ஒப்புதலுக்கு வரும். பேசியவர்கள் பெயர் அதில் இருக்கும். நம் பெயர்களில் இனிஷியல் முன்னே பின்னே போய்விடும், ஊர்ப் பெயர் குடும்பப் பெயராகிவிடும். அஜெண்டா வந்ததும் பார்த்து, தப்பு இருந்தால் கூட்டத்துக்கு முன்பே போர்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள், திருத்திவிடுவார்கள். அத்தையின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அவரே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினார். மறுநாளே திருத்தி, புது நகலை அனுப்பினார்கள். அதை அச்செடுத்து சாமி அறை அலமாரியில் வைத்திருக்கிறார்.