வானிலைக் கோப்பின் நேர மண்டலத்தை முதலில் சரிபாருங்கள்

சூரிய மின் நிலையத்தின் ஆண்டு உற்பத்தியை சாம், பிவிசிஸ்ட் போன்ற மென்பொருள்களில் கணிக்கும் முன், வெயில், வெப்பநிலை போன்ற தரவு அடங்கிய வானிலைக் கோப்பு எந்த நேர மண்டலத்தில் எழுதப்பட்டுள்ளது என்பதை உறுதிசெய்வது மிக அவசியம். ஐரோப்பிய ஆணையத்தின் சூரிய ஆற்றல் தரவுத் தளமான பிவிஜிஐஎஸ் தரும் மணிவாரித் தரவு யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். இந்திய நேரமோ அதைவிட ஐந்தரை மணி நேரம் கூடுதலானது. எனவே, இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள கமுதியில் ஏறத்தாழ நண்பகல் 12.15 மணிக்கு உச்சிக்கு வரும் சூரியன், அக்கோப்பில் காலை 7 மணியை ஒட்டிய வரிசையில் தெரியும். தலைப்பு வரியில் உள்ள நேர மண்டலத்தை மட்டும் 5.5 என்று மாற்றிவிட்டு மற்ற வரிசைகளை இந்திய நேரத்துக்கு நகர்த்தாமல் அப்படியே விட்டால், காலை வெயில் நள்ளிரவுக் கணக்கில் சேர்ந்து, உற்பத்தி வெகுவாகக் குறைந்து காட்டப்படும். மேகமற்ற ஒரு நாளின் கதிர்வீச்சை வரைபடமாக்கிப் பார்த்தாலே இந்தப் பிழை உடனே புலப்படும். ஓராண்டு மணிவாரிக் கோப்பில் 8760 (365 நாள் × 24 மணி) தரவு வரிசைகள் உள்ளனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.