சண்டையில் சம்பாதிப்பது யார்? அமெரிக்கப் போர்க் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

டீக்கடை டிவியில் போர்ச் செய்தி ஓடும்போது யாராவது ஒருத்தர் சொல்லாமல் விடமாட்டார்: “அமெரிக்காக்காரன் சண்டையை மூட்டிவிட்டே சம்பாதிக்கிறான் சார்.” ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்கிற கணக்கு. நானும் பல வருடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கூத்தாடிக்குக் கொண்டாட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் கூத்துக்குக் காசு கொடுப்பது யார் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எங்கே சறுக்குகிறோம் என்று புரிந்தது.

‘அமெரிக்கா’ என்பதை ஒரே கல்லாப்பெட்டியாக நினைப்பது முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இது போட்ட குட்டிகள். ஆயுதம் செய்யும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் விற்பனையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அமெரிக்க அரசுக்கே போகிறது. அதாவது அதன் பெரிய வாடிக்கையாளர் வளைகுடா மன்னர் இல்லை, ஒஹையோ மாநிலத்தில் வரி கட்டும் பள்ளி ஆசிரியர். வெளிநாட்டு விற்பனையும் சின்ன வியாபாரமில்லை. 2020-24இல் உலக ஆயுத ஏற்றுமதியில் 43 சதவீதம் அமெரிக்காவுடையது. அந்த லாபம் பங்குதாரருக்கு, படையை அனுப்பும் செலவு கருவூலத்துக்கு. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதினால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

அடுத்து, இரண்டாம் உலகப் போரை எல்லாப் போருக்கும் உதாரணமாக இழுப்பது. 1940இல் 14 சதவீதத்துக்கு மேல் இருந்த அமெரிக்க வேலையின்மை 1944இல் 1.2 ஆனது உண்மை. அப்போது ஆலைகளும் கைகளும் சும்மா கிடந்தன. அரசு இறங்கிச் செலவு செய்ததும் ஓடத் தொடங்கின. அந்தப் பணம் பாலத்துக்கோ அணைக்கோ போயிருந்தாலும் ஆலை ஓடியிருக்கும். ஜனங்கள் அப்போது சுகமாக வாழ்ந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1942 பிப்ரவரியோடு பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. சர்க்கரை, பெட்ரோல், டயர் எல்லாம் ரேஷன். சம்பளம் கையில் இருந்தது, வாங்கக் கடையில் சரக்கில்லை.

இதில் யாரும் பேசாத பகுதி 1945க்குப் பிறகு வருகிறது. ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் இருந்த படை இரண்டே வருடத்தில் 15 லட்சம் அளவுக்குச் சுருங்கியது. ராணுவச் செலவும் செங்குத்தாக விழுந்தது. மறுபடி மந்தம் வரும் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் பயந்தார்கள். வரவில்லை; 1946இல் வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டியே நின்றது. போர்தான் எஞ்சின் என்றால், எஞ்சினைக் கழற்றிய பிறகும் வண்டி எப்படி ஓடியது? ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஆலைகள் இடிந்து கிடக்க, அமெரிக்க ஆலைகள் மேல் மட்டும் குண்டு விழவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

“எண்ணெய்க்காகத்தான் இராக்கில் நுழைந்தான்” என்பதும் அப்படித்தான். நோக்கத்தில் எண்ணெய்க்குப் பங்கு உண்டா என்பது தனி விவாதம். கிடைத்ததா என்று பார்ப்போம். 2009 ஜூனில் பாக்தாத்தில் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டார்கள், டிவியில் நேரடி ஒளிபரப்போடு. பெரிய வயலான ருமைலாவுக்கு அமெரிக்காவின் எக்ஸான்மொபில் அணி, எண்ணெய் எடுத்துத் தர பீப்பாய்க்கு 4.80 டாலர் கூலி கேட்டது. இராக் அரசு 2 டாலருக்கு மேல் ஒரு காசு தரமாட்டோம் என்றது. எக்ஸான் விலகிக்கொள்ள, பிரிட்டனின் பி.பி.யும் சீன அரசு நிறுவனமும் சேர்ந்து அந்த 2 டாலருக்கே எடுத்தன. டிசம்பரில் மேற்கு குர்னா-2 என்ற வயல் ரஷ்யாவின் லூகாயிலுக்குப் போனது. எக்ஸானுக்கும் பிறகு ஒரு வயல் கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 4,000க்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்களும், எண்ணவே முடியாத இராக்கியரும் செத்த போருக்கு அதை ‘வருமானம்’ என்று எழுத மனம் வருமா?

போர் முடிந்ததும் கணக்கை மூடிவிடுவது இன்னொரு தவறு. இராக் போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் ஆகலாம் என்று 2002இல் சொன்ன வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே அந்த வருடக் கடைசிக்குள் பதவி இழந்தார். தொகை மிக அதிகம் என்றது அரசு. 2001க்குப் பிந்தைய போர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2021இல் போட்ட கணக்கு 8 லட்சம் கோடி டாலர். அதில் 2.2 லட்சம் கோடி, முன்னாள் வீரர்களின் மருத்துவத்துக்கும் உதவித்தொகைக்கும் இனிமேல் தர வேண்டியது. அது எவ்வளவு காலம் இழுக்கும்? 1865இல் முடிந்த உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒருவரின் மகளுக்கு அரசு மாதாமாதம் 73.13 டாலர் ஓய்வூதியம் அனுப்பிவந்தது. அவர் இறந்தது 2020இல். போதாக்குறைக்கு, ஆப்கானிஸ்தான், இராக் போர்களின் போது வரியைக் கூட்டாமல் குறைத்தார்கள். செலவு கடனில் ஏறியது. 2024இல் அமெரிக்க அரசு கட்டிய வட்டி அதன் ராணுவச் செலவையே தாண்டிவிட்டது. கடன் முழுவதும் போரால் வந்ததில்லைதான், ஆனால் போரும் அதில் குடியிருக்கிறது.

எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் உண்டு: ராணுவச் செலவு முழுக்க வீண், அதிலேயே அமெரிக்கா திவாலாகும் என்பார்கள். 1950களில் தேசிய வருமானத்தில் 10 சதவீதத்தை ஒட்டி இருந்த அந்தச் செலவு இன்று 3 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டும் ஜிபிஎஸ்ஸும் பாதுகாப்புத் துறைப் பணத்தில் பிறந்தவை. ஆனால் அவற்றைத் தந்தது ஆய்வுக்கூடம். எந்த நாட்டுக்குள்ளும் படை நுழைந்ததால் வந்தவை இல்லை. கைப்பணம் அதிகம் போகாமல் முடிந்த போர் என்றால் 1991 வளைகுடாப் போரைச் சொல்லலாம். 6,100 கோடி டாலர் செலவில் பெரும்பகுதியை சவுதி, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகள் கொடுத்தன. மறுபடி அப்படி மொய் விழவில்லை.

கடைசியாக வேலைவாய்ப்பு. ஆயுத ஆலை வேலை தருகிறது, மறுப்பதற்கில்லை. அதே பணம் வேறெங்கே எத்தனை வேலை தரும் என்று கேட்காமல் விடுவதுதான் தவறு. பிரவுன் குழுவின் 2017 கணக்கில் 10 லட்சம் டாலர் ராணுவத்துக்குப் போனால் ஏறத்தாழ 7 வேலை, மருத்துவத் துறைக்குப் போனால் 14. இந்தக் கணக்கு வாஷிங்டனில் ஏன் எடுபடவில்லை என்று தெரிய எஃப்-35 போர் விமானத்தைப் பார்த்தால் போதும். அதன் உதிரிபாகங்களைச் செய்து தரும் நிறுவனங்கள் 45க்கு மேற்பட்ட மாநிலங்களில் பரவியிருக்கின்றன. செலவை வெட்டுவோம் என்று எழுந்து நிற்கும் நாடாளுமன்ற உறுப்பினர், முதலில் தன் தொகுதியில் அதற்கு போல்ட் செய்து தரும் பட்டறைக்காரருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.